தாண்டிக்குடி ஜிம்னி: தூக்கிக் கட்டிய வண்டிக்குப் பெரிய டயர் போட்ட கதை

வண்டி பட்டறை கேட்டுக்குள் திரும்பும்போதே சத்தம் கேட்டது. ரப்பர் எதிலோ உரசி இழுபடுகிற சத்தம். மாருதி சுசுகியின் சின்ன நான்கு சக்கர ஓட்ட வண்டி, ஐந்து கதவு ஜிம்னி, 2023இல் எடுத்தது, மேனுவல் கியர். உடம்பு இரண்டு அங்குலம் தூக்கியிருந்தது. கீழே 235/75 ஆர்15 டயர்கள், பக்கவாட்டில் முரட்டுப் பற்களோடு. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஓட்டி வந்தவர் கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்குப் பக்கத்தில் காப்பியும் மிளகும் வைத்திருப்பவர். எனக்கு வருடக்கணக்கில் பழக்கம். இறங்கியதும் கதவைச் சாத்திவிட்டு நேராகச் சொன்னார்:

"தம்பி, எழுபதைத் தாண்டுனா வண்டி என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது. கொண்டை ஊசில ஒடிச்சுத் திருப்புனா ரப்பர் வாடை அடிக்குது. தோட்டத்துப் பாதையில ஒரு சக்கரம் அந்தரத்துல தொங்கிக்கிட்டுச் சுத்துது. இவ்வளவு செலவு பண்ணி முன்னைக்கு இப்ப மோசமாப் போச்சு."

வேலை மூன்று மாதத்துக்கு முன் வேறொரு கடையில் நடந்திருந்தது. பில்லில் இரண்டே வரி: லிஃப்ட் ஸ்பேசர், அதாவது ஸ்பிரிங்குக்கு மேலே வைத்து உடம்பைத் தூக்கும் கட்டை, ஒரு செட்; டயர் நான்கு. பில்லைப் பார்த்தவுடனேயே பாதிக் கதை புரிந்துவிட்டது. தூக்கிய வண்டிக்குப் பெரிய டயர் போடுவது இரண்டு வரியில் முடிகிற வேலை இல்லை.

கோளாறைத் தேடும் முன் ஒன்றைக் கேட்டேன்: "அண்ணே, எதுக்காகப் பெரிய டயர் போட்டீங்க?" கிரவுன் தட்டியது என்றார். கிரவுன் என்று எங்கள் பட்டறைகளில் சொல்வது டிஃபரன்ஷியலை, இரண்டு சக்கரங்களுக்கு நடுவே அச்சில் பூசணிக்காய்போல் புடைத்து நிற்கும் பகுதியை. தார்ச் சாலையிலிருந்து அவர் வீடு வரை மண்பாதை. டிராக்டர் ஓடி ஓடி இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்து, நடுவில் முதுகுபோல் மண்ணும் கல்லும் நின்றன. அந்த முதுகில்தான் ஜிம்னியின் கிரவுன் இடித்துக்கொண்டிருந்தது.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். ஜிம்னிக்கு முன்னும் பின்னும் ஒரே தண்டாக ஓடும் திட அச்சு. ஸ்பிரிங்குக்கு மேலே ஸ்பேசர் வைத்துத் தூக்கினால் உயர்வது ஸ்பிரிங்குக்கு மேலே இருப்பவை: சேஸிஸ், உடம்பு, கியர் பெட்டி, பெட்ரோல் டேங்க். அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டு அங்குலம் தூக்கினாலும் பத்து அங்குலம் தூக்கினாலும் கிரவுனுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியில் ஒரு மயிரிழைகூட மாறாது. அச்சை மாற்றாமல் அதை உயர்த்த ஒரே வழி டயரின் விட்டத்தைக் கூட்டுவது. அதிலும் கூடிய விட்டத்தில் பாதிதான் நமக்குக் கிடைக்கும்.

கம்பெனி டயர் 195/80 ஆர்15. 195 என்பது மி.மீ. கணக்கில் டயரின் அகலம். பக்கச் சுவரின் உயரம் அந்த 195இல் 80 சதவீதம், அதாவது 156 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு சுவர், நடுவில் 15 அங்குல ரிம்மின் 381 மி.மீ. ஆக விட்டம் 693 மி.மீ. 235/75 ஆர்15க்கு அதே கணக்குப் போட்டால் 733.5 மி.மீ. வித்தியாசம் 40.5, அதில் பாதி 20 மி.மீ. அவ்வளவு செலவுக்கும் கிரவுன் உயர்ந்தது ஒரு பெருவிரல் அகலம். உடம்பு மட்டும் ஸ்பேசரின் 50ஐயும் சேர்த்து 70 மி.மீ. மேலே போய்விட்டது.

அந்த 70 வீண் என்று சொல்ல மாட்டேன். ஐந்து கதவு ஜிம்னியின் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம், 2,590 மி.மீ. மூன்று கதவு வண்டி சுலபமாகத் தாண்டுகிற மேட்டில் இதன் வயிறு உட்கார்ந்துவிடும். வயிறு தட்டுகிறவனுக்கு லிஃப்ட் உண்மையிலேயே உதவும். கிரவுன் தட்டுகிறவனுக்கு, பெரிய டயர் நுழைய இடம் செய்து கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது.

சரி, வண்டிக்கு வருவோம். முதலில் ஜாக்கி வைக்காமல் சும்மா சுற்றிவந்தேன். டயரின் நெற்றி, தரையில் படும் பகுதி, உருண்டு நின்றது. நடுப்பகுதி தரையில் அழுந்தி, இரண்டு ஓரமும் தூக்கிக்கொண்டிருந்தன. ரிம்மைப் பார்த்தால் கம்பெனி ரிம்மேதான், 5.5 அங்குல அகலம். 235/75 ஆர்15 டயருக்கு அனுமதிக்கப்பட்ட ரிம் அகலம் 6 முதல் 8 அங்குலம். ஒடுக்கமான ரிம்மில் மாட்டியதால் டயரின் இடுப்பைப் பிடித்து நெருக்கியதுபோல் ஆகிவிட்டது. நடுப்பகுதி மட்டும் தேயும், பக்கச் சுவர் தளர்ந்து ஆடும். காற்றைக் குறைத்துக் கல்லில் ஏற்றும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவரும் ஆபத்தும் உண்டு. இதே ரிம்மை வைத்துக்கொண்டு கொஞ்சம் பெரிய டயர் கேட்டிருந்தால் 215/75 ஆர்15 உட்கார்ந்திருக்கும். அதற்கு 5.5 அங்குலம் அனுமதிக்குள் வருகிறது. ஆனால் அதில் உயரம் ஐந்து மி.மீ.தான் கூடும்.

அடுத்து ஸ்பிரிங். டார்ச் அடித்துப் பார்த்தேன். முன் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றையொன்று பார்க்கும் முகங்களில் பெயின்ட் போய் வெள்ளியாகப் பளபளத்தது. ஸ்பிரிங் முழுதாக அமுங்கிச் சுற்றோடு சுற்று மோதியிருக்கிறது என்று அர்த்தம். 50 மி.மீ. ஸ்பேசர் அந்த அளவு இடத்தைத் தின்றுவிடுவதால், அச்சு மேலே வரும்போது, அதைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப்பைத் தொடும் முன்பே ஸ்பிரிங் கட்டையாகிவிடுகிறது. அதற்குமேல் இரும்போடு இரும்பு.

கீழ்ப்பக்கம் இதைவிட மோசம். ஷாக் அப்சர்பர் பழையதேதான், நீளம் மாறவில்லை. உடம்பு 50 மி.மீ. ஏறி நிற்பதால் ஷாக் ஏற்கெனவே அந்த 50 மி.மீ. நீண்டுவிட்டது. பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்க வேண்டிய நேரத்தில் ஷாக் முடிந்துபோய் அச்சைப் பிடித்து நிறுத்துகிறது. அண்ணன் சொன்ன அந்தரத்தில் தொங்கும் சக்கரம் இதுதான். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்திருந்தால் அந்தச் சக்கரம் தரையைத் தொட்டிருக்கும்.

எழுபதுக்கு மேல் பேச்சைக் கேட்காததற்குக் காரணம் காஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க் பின்பக்கம் சாய்ந்திருக்கிறதே, அந்தச் சாய்வுதான் கையை விட்டாலும் சைக்கிளை நேராகப் போகவைக்கிறது. காரிலும் முன் சக்கரம் திரும்பும் அச்சுக்கு அப்படி ஒரு சாய்வு உண்டு. ஜிம்னியின் முன் அச்சைப் பின்னாலிருந்து ரேடியஸ் ஆர்ம் என்ற இரண்டு நீளமான இரும்புக் கைகள் பிடித்திருக்கின்றன. உடம்பைத் தூக்கும்போது ஆர்மின் பின்முனை சேஸிஸோடு மேலே போகும், முன்முனை அச்சோடு கீழேயே நிற்கும். ஆர்ம் சாய, அதில் இறுக்கியிருக்கும் அச்சும் சேர்ந்து முன்பக்கமாக உருளும். சாய்வு போய்விடும். ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பாது, வண்டி அலையும். மூன்று மாதம் இந்த வண்டி மலைப்பாதையில் இறங்கி ஏறியிருக்கிறது. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

கொத்தனாரிடமிருந்து தூக்குக்குண்டை இரவல் வாங்கி மட்கார்டு ஓரத்திலிருந்து தொங்கவிட்டேன். நூலுக்கும் டயருக்கும் உள்ள இடைவெளி இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றாக இல்லை. அச்சு 7 மி.மீ. ஒரு பக்கம் தள்ளியிருந்தது. பேன்ஹார்டு ராடின் வேலை அது. அச்சு பக்கவாட்டில் ஆடாமல் பிடித்துக்கொள்ளும் தண்டு, ஒரு முனை சேஸிஸில், மறுமுனை அச்சில். உடம்பு மேலே போனால் தண்டு சரிந்து அச்சைத் தன் பக்கம் இழுக்கும். கூடவே நேராகப் போகும்போது ஸ்டீயரிங் வளையம் கோணலாக நிற்கும். வண்டி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் ஏற்பாடுதான் ஈஎஸ்பி. இந்த வண்டியில் அதன் விளக்கு அவ்வப்போது எரிந்ததும் அதனால்தான். வண்டி நேராகப் போகிறது, ஸ்டீயரிங் மட்டும் திரும்பியிருக்கிறது என்று சென்சார் சொன்னால் கம்ப்யூட்டர் எதை நம்பும்?

ஸ்டெப்னியைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். பின் கதவில் தொங்கியது பழைய 195/80. மழையில் ஒருநாள் பின் டயர் பஞ்சராகி, அதை மாட்டிக்கொண்டு 4எச்சில், அதாவது நான்கு சக்கர ஓட்டத்தில், போட்டு மேலே ஏறியிருக்கிறார். தார்ச் சாலைக்கு வந்தபின் லிவர் 2எச்சுக்கு, இரண்டு சக்கர ஓட்டத்துக்கு, திரும்பவே இல்லை. ரிவர்ஸில் கொஞ்சம் போய்த்தான் விடுபட்டிருக்கிறது. ஜிம்னியின் நான்கு சக்கர ஓட்டத்தில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே வித்தியாசத்தை விழுங்க எதுவும் கிடையாது, இரண்டும் கட்டிப்போட்டதுபோல் சுற்ற வேண்டும். பின்னால் ஒரு பக்கம் சின்ன டயர் இருந்தால் 100 மீட்டர் போவதற்குள் இரண்டு அச்சுக்கும் நடுவே ஒன்றேகால் சுற்று வித்தியாசம் சேரும். சேற்றில் டயர் வழுக்கி அது தீர்ந்துபோகும். காய்ந்த தாரில் வழுக்க முடியாமல் பல் சக்கரங்களுக்குள் முறுக்கேறி நிற்கும். பெரிய டயர் வாங்கினால் ஐந்தாக வாங்க வேண்டும். நான்கு வாங்கி மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

கோளாறுகளை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். வேலையைத் தொடுவதற்கு முன் சட்டத்தையும் பேசிவிட்டேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் இதைத்தான். எனவே இந்த வண்டி தூக்கிய நிலையில் தோட்டத்துக்குள் மட்டும் ஓடட்டும், ஊருக்கு வர வீட்டில் இன்னொரு கார் இருக்கிறது என்றேன். யோசித்துவிட்டுச் சரி என்றார். பழைய ஸ்பிரிங், ஷாக், ரிம், டயர் எதையும் விற்கக் கூடாது என்பது என் இரண்டாவது நிபந்தனை. இன்றைக்கும் அவை அவருடைய காப்பிக் குடோனில் சாக்கு போர்த்தி இருக்கின்றன. வண்டியைச் சாலையில் விட வேண்டுமென்றால் ஒரு நாளில் பழையபடி ஆக்கிவிடலாம்.

அடுத்த ஞாயிறு நானே மேலே போய்ப் பாதையைப் பார்த்தேன். ஒரு குச்சியில் அங்குலக் கோடு போட்டு எடுத்துக்கொண்டேன். இரண்டு பள்ளத்துக்கும் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு, நடு முதுகு அதற்கு மேல் எவ்வளவு எழும்புகிறது என்று அளந்தோம். மொத்தப் பாதையிலும் உண்மையாகவே தட்டும் இடம் மூன்றுதான். தோட்டத்து மேஸ்திரி சொன்னார், "ரெண்டு ஆளு அரை நாள் கல்லைப் போட்டுப் பள்ளத்தைத் தூத்தா இங்க ஆட்டோவே வரும்யா." அவர் சொன்னதில் தப்பே இல்லை. பாதையை முதலில் அளந்திருந்தால் 215 டயரும் கொஞ்சம் சரளையும் போதும் என்று தெரிந்திருக்கும். டயர் வாங்கியாயிற்று என்பதால் இரண்டையும் செய்தோம். இரண்டு இடங்களில் பள்ளம் தூர்த்தாயிற்று. மூன்றாவது இடம், பலாமரத்தடி, பாறை. அது அசையவில்லை.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு விடிகாலையில் ஏறும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பழைய ஜீப்புகள், ஒல்லி டயர்கள். டிரைவர்கள் ஒவ்வொரு கல்லையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குத் தெரிந்து வைத்து, சக்கரத்தைக் கல்லின்மேல் ஏற்றி, கிரவுனைப் பள்ளத்தின் மேல் கொண்டுபோகிறார்கள். அந்தக் கைக்கு முன்னால் நான் மாட்டுகிற எதுவும் இரண்டாம்பட்சம்தான்.

இனி மாற்றிய வேலை. 20 மி.மீ. ஆரம் கூடிய டயருக்கு 50 மி.மீ. தூக்க வேண்டிய தேவையே இல்லை. ஸ்பேசரைத் தூக்கிப் போட்டுவிட்டு, 40 மி.மீ. உயரமான ஸ்பிரிங்கும் அதற்கு ஏற்ற நீளத்தில் ஷாக்கும் ஒரே செட்டாகப் போட்டோம். ஷாக் நீண்டால் அச்சு முன்னைவிடக் கீழே இறங்கும். அப்போது பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர், அச்சின் மூச்சுக்குழாய் மூன்றும் இழுபடும். ஸ்பேசர் போட்டிருந்த காலத்தில் பழைய ஷாக் அச்சைக் கட்டிப் பிடித்திருந்ததால் இவை தப்பின. நல்ல ஷாக் போட்டபின்தான் இவற்றின் நீளத்தைப் பார்க்கும் கட்டாயம் வருகிறது. ஹோஸ் பிடிக்கும் கிளிப்புகளைக் கீழே இறக்கி, சக்கரத்தை முழுதும் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, ஹோஸ் தளர்ந்தே இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தேன். பிரேக் ஹோஸ் விஷயத்தில் கண்ணை மட்டும் நம்பக் கூடாது.

போன சாய்வைத் திருப்பிக் கொண்டுவர, ரேடியஸ் ஆர்மில் துளை நடுவிலிருந்து விலகிய காஸ்டர் புஷ் போட்டோம். முன்னும் பின்னும் நீளம் கூட்டிக்குறைக்கும் பேன்ஹார்டு ராடு. தூக்குக்குண்டு வைத்து இரண்டு பக்கமும் சமமாகும்வரை ராடைத் திருகினோம். அலைன்மென்ட் முடிந்தபின் ஸ்கேனரில் ஸ்டீயரிங் கோணத்தைச் சுழியத்துக்குக் கொண்டுவந்ததும் ஈஎஸ்பி விளக்கு அணைந்தது.

ரிம்தான் அதிக யோசனை வாங்கியது. கம்பெனி ரிம் 5.5 அங்குலம், ஆஃப்செட் கூட்டல் 5. ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது அச்சில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம், மி.மீ. கணக்கில்; அது குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளும். 235 டயர் 195ஐவிட 40 மி.மீ. அகலம், அதாவது பக்கத்துக்கு 20. பழைய ஆஃப்செட்டிலேயே வைத்தால் உட்பக்கம் 20 மி.மீ. நெருங்கி, முழுதாகத் திருப்பும்போது ரேடியஸ் ஆர்மை உரசும். வண்டி வந்த நாளில் ஆர்மின் பெயின்ட் உரிந்து மினுங்கியது அதனால்தான். ஆஃப்செட்டைக் குறைத்து டயரை வெளியே தள்ளினால் ஆர்ம் தப்பிக்கும், ஆனால் திரும்பும்போது டயரின் வெளிமுனை பெரிய வட்டம் போட்டுப் பம்பரின் பின்மூலையில் மோதும். ஸ்டீயரிங் இழுப்பும் வீல் பேரிங்கின் சுமையும் கூடும். கொஞ்சம் உள்ளே, கொஞ்சம் வெளியே என்று பாகம் பிரிப்பதுதான் வழி. 7 அங்குல ரிம், ஆஃப்செட் சுழியம், ஐந்து போல்ட் 139.7 மி.மீ. வட்டம், நடுத் துளை கம்பெனியுடையது போலவே 108 மி.மீ. பழைய ரிம்முக்குப் பின்னால், அதை வெளியே தள்ளும் வீல் ஸ்பேசர் வைக்கலாமே என்று என் பையன் கேட்டான். இதுபோல் கல்லில் அடிவாங்கும் வண்டிக்கு நான் வைக்க மாட்டேன்.

இனிதான் இந்த வேலையின் உயிர்நாடி. பெரும்பாலான கடைகளில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் திருப்பி, எங்கும் தொடவில்லை என்று பார்த்துச் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். சமதரையில் தொடாது. ஒரு சக்கரம் கல்லின் மேல் ஏறி முழுதாக உள்ளே அமுங்கியிருக்க, எதிர்ப்பக்கச் சக்கரம் பள்ளத்தில் தொங்க, அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கும் திரும்பியிருந்தால்தான் டயர் எதைத் தொடும் என்று தெரியும்.

சேஸிஸை நான்கு ஸ்டாண்டில் நிறுத்தி முன் ஸ்பிரிங் இரண்டையும் கழற்றினோம், ஷாக்கை மட்டும் விட்டுவைத்தோம். ஸ்பிரிங் இல்லாததால் அச்சு கைக்குழந்தைபோல் சொன்னபடி ஏறி இறங்கும். டயரின் தோள்பட்டையில் சுற்றிலும் பள்ளிக்கூடச் சாக்பீஸால் கனமாகத் தேய்த்தோம். இடப்பக்க அச்சுக்குக் கீழே ஜாக்கி வைத்துப் பம்ப் ஸ்டாப் தொடும்வரை ஏற்றினோம், வலப்பக்கம் ஷாக் முடியும்வரை தொங்கியது. பையன் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாகத் திருப்பினான். நான் மட்கார்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு படுத்திருந்தேன். கால்வாசி திருப்பும்வரை ஒன்றுமில்லை. அரைவாசியில் உள் பிளாஸ்டிக்கின் முன்பக்கத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு விழுந்தது. முழுதாகத் திருப்பியபோது பம்பரின் கீழ் மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளை அப்பியது. பின்பக்கம், கதவுக்கு முன்னால் உள்ள மடிப்பில் ஒரு பொட்டு. ரேடியஸ் ஆர்ம் சுத்தமாக இருந்தது. வலப்பக்கமும் அப்படியே செய்தோம். ஒவ்வொரு வெள்ளைத் தடத்தையும் மார்க்கரால் சுற்றி வரைந்தேன்.

பம்பர் மூலையை அந்தக் கோட்டுக்கு ஒரு விரற்கடை தாண்டி வெட்டினோம். உள் பிளாஸ்டிக்கை ஹீட் கன்னில் காட்டி இளக்கி உள்ளே தள்ளினோம். மடிப்பில் பட்ட பொட்டுக்கு எதையும் வெட்டவில்லை, அது உடம்பின் தகடு. பம்ப் ஸ்டாப்பை 30 மி.மீ. நீட்டி, அச்சு அந்த உயரத்துக்கு வரவே முடியாதபடி செய்தோம். மேலே ஏறும் தூரத்தில் 30 மி.மீ. போனதென்னவோ உண்மை, ஆனால் தகட்டில் மோதிக் கிழியும் டயரைவிட அது மேல். ஸ்டீயரிங் ஸ்டாப்பில் வாஷர் வைத்துத் திருப்பத்தைக் குறைத்துவிடும் சுலப வழியும் உண்டு. குறுகலான தோட்டத்துப் பாதையில் திரும்ப வேண்டிய வண்டிக்கு அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. பிறகு மறுபடி சாக்பீஸ், மறுபடி ஜாக்கி. மூன்றாவது முறைதான் எங்கும் வெள்ளை படவில்லை.

பனிமலைகளில் ஓடும் ஐஸ்லாந்து வண்டிகளில் 38, 44 அங்குல டயர்கள் மாட்டுகிறார்கள். அவற்றின் படங்களை அண்ணன் போனில் காட்டினார். அங்கே நோக்கமே வேறு. காற்றை 3, 4 பிஎஸ்ஐ வரை இறக்கி, மெத்தைபோல் பரந்த டயரால் பனியின் மேல் மிதக்கிறார்கள். ஆனால் அவர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. உடம்பை வானத்துக்குத் தூக்காமல் மட்கார்டை அகலமாக வெட்டித்தான் டயருக்கு இடம் செய்கிறார்கள், கிரவுனின் பல் விகிதத்தையும் மாற்றிவிடுகிறார்கள். உயரம் கூடக் கூட வண்டி கவிழச் சுலபம் என்பது பக்கச்சரிவில் ஒருமுறை நின்றவனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பல் விகிதத்தை நாங்கள் தொடவில்லை. விட்டம் 5.8 சதவீதம் கூடியதால் ஒவ்வொரு கியரும் அவ்வளவு நீண்டுவிட்டது, சக்கரம் தரையைத் தள்ளும் விசை ஐந்தரை சதவீதம் குறைந்தது. 134 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை உள்ள 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு அது தெரியவே செய்யும். ஸ்பீடோமீட்டரின் 80, கணக்குப்படி 84.7. இந்த மீட்டர்கள் பொதுவாகக் கூட்டியே காட்டும் என்பதால் நிஜத்தில் வித்தியாசம் அதைவிடக் குறைவு. காப்பி எடை போடும் தராசில் பழைய சக்கரத்தையும் புதியதையும் வைத்துப் பார்த்தோம். சக்கரம் ஒன்றுக்கு ஆறு கிலோவுக்கு மேல் கூடியிருந்தது. ஸ்பிரிங்குக்குக் கீழே சுற்றுகிற எடை என்பதால் பிரேக் பிடிக்கும்போது அந்த ஆறு கிலோ காலுக்குத் தெரியும். மேட்டில் 4எச் முதல் கியரில் கிளட்சைத் தேய்க்காமல் முதலிலேயே 4எல், அதாவது வேகம் குறைந்து இழுவை கூடும் நான்கு சக்கர ஓட்டம், போடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

ஐந்தாவது டயர் வாங்கினார். ஸ்டெப்னியாக மாட்டியபோது அது பின் பம்பரில் அழுந்தியது, பிராக்கெட்டை உயர்த்தினோம். கனம் கூடியதால் கதவுக் கீல்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். ஹெட்லைட் வெளிச்சத்தையும் சுவரில் அடித்துப் பார்த்துக் கீழே இறக்கினோம்.

ஒரு பழைய நூற்பாலை வளாகத்தில் அனுமதி வாங்கி ஓட்டிப் பார்த்தேன். நாற்பதில் வளைத்துக் கையைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வந்து நின்றது. அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இத்தனை வேலையும். மேலே கொண்டுபோனது தோட்டத்து லாரியில் ஏற்றி. அனுப்பும் முன் இரண்டு கிரவுனின் அடியையும் கம்பி பிரஷால் தேய்த்து மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டேன்.

தை பிறந்து, காப்பிப் பழம் பறிப்பு பாதியில் இருந்தபோது போனேன். டயர்கள் அகலம் முழுக்க ஒரே சீராகத் தேய்ந்திருந்தன. காற்று 18 பிஎஸ்ஐயில் வைத்து ஓட்டுகிறார்கள். டயரின் பாதம் நீண்டு கல்லைக் கவ்வுகிறது, பதிலுக்குக் கிரவுன் சில மில்லிமீட்டர் இறங்கும். பம்பர் மூலையில் உரசல் இல்லை. உள் பிளாஸ்டிக்கில் ஓரிடத்தில் சேறு வழித்த தடம் மட்டும். கதவுகளில் கைப்பிடி வரை செம்மண் அப்பியிருந்தது. டயர் வெளியே நீண்டால் அதைத் தடுக்க முடியாது. பெட்ரோல் முன்னைவிடக் கூடத்தான் குடிக்கிறது என்றார். அந்தரத்தில் சக்கரம் தொங்குகிறதா என்று கேட்டேன். "அது போச்சு தம்பி, இப்ப நாலும் தரையிலதான் இருக்கு."

சாக்கை விரித்துக் கீழே படுத்தேன். பின் கிரவுனில் பெயின்ட் அப்படியே இருந்தது. முன் கிரவுனின் அடியில் நான்கு விரல் நீளத்துக்கு ஒரே ஒரு கீறல், உள்ளே புது இரும்பு மின்னியது.

"பலாமரத்தடியா?" என்றேன்.

"அதே பாறைதான்" என்றார் அண்ணன். மேஸ்திரி ஏற்கெனவே உளி, சம்மட்டியோடு ஆள் சொல்லிவிட்டிருந்தார்.